போக்கிடம் அற்றவர்களா நாம்?

முதுகலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் திராவிட இயக்க இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து மாணவி ஒருத்தி எழுந்து கேட்ட வினாவிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. "ஐயா, பகுத்தறிவு இயக்கம் பற்றித் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். 2024-இல் பழனியில் முருகன் மாநாட்டை நடத்தியதும் அந்த இயக்கத்தின் அரசுதானே? இரண்டில் எதை நாங்கள் பாடமாக எடுத்துக்கொள்வது?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். "பாடத்திட்டத்தில் உள்ளதை எழுதம்மா" என்று சொல்லி மணியடிக்கும்வரை ஒப்பேற்றினோம். ஆனால் அந்த வினா நம்மோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இருபது வயதுப் பெண்ணுக்கு விடை சொல்ல இயலாமற்போனது நம் படிப்பின் குறையன்று. நாம் வாக்களித்த கட்சி நமக்கு எந்த விடையும் தராததால் வந்த குறை அது. தராத விடையை நாம் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

*

'நாம்' என்று இங்கே குறிப்பிடுவது யாரை என்பதைத் தெளிவாக்கிவிடுவது நல்லது. உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களை அல்ல. மாநாட்டுக்கு வண்டி கட்டிப் போகிறவர்களையும் அல்ல. ஊர்ப் படிப்பகத்தில் ஒருவர் 'திராவிட நாடு' இதழை உரக்கப் படிக்க, சுற்றி அமர்ந்து கேட்ட பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் நாம். இட ஒதுக்கீட்டால் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்களின் மக்கள். ஆசிரியர்கள், எழுத்தர்கள், கூட்டுறவு வங்கி ஊழியர்கள், சிறு கடைக்காரர்கள். கோயிலுக்குப் போவோம், பூசாரி யாராக இருக்கலாம் என்பதைப் பிறப்பு முடிவுசெய்யக் கூடாது என்றும் நினைப்போம். இந்தி படிப்பவரை வெறுக்க மாட்டோம். இந்தியைத் திணிப்பவரை ஏற்கவும் மாட்டோம். பிரிவினை வேண்டியதில்லை, தில்லிக்குக் கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை என்பது நம் எண்ணம்.

இவர்களைத்தான் மிதவாதிகள் என்கிறார்கள். தொண்டர்களின் பார்வையில் நாம் மதில்மேல் பூனைகள். எதிரணியினர் பார்வையில் வெளியே சொல்லிக்கொள்ளாத கட்சிக்காரர்கள். உண்மையில் நாம் இரண்டுமல்லோம். கொள்கையில் உறுதியும் குரலில் நிதானமும் ஒருசேர இருக்க முடியும் என்று நம்புகிறவர்கள். அந்த நம்பிக்கையை நமக்கு ஊட்டியதே தி.மு.க. தான். பிள்ளையாரை உடைக்கவும் வேண்டாம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் வேண்டாம் என்ற அண்ணாவின் நிலைப்பாடு நம்மைப் போன்றவர்களுக்காகவே வகுக்கப்பட்டதுபோல் இருந்தது. திருமூலரின் வாக்கை அவர் கட்சியின் முழக்கமாக எடுத்துக்கொண்டபோது, கும்பிடுகிற கையையும் கேள்வி கேட்கிற மூளையையும் ஒரே உடம்பில் வைத்திருக்க நமக்கு உரிமை கிடைத்தது. நம் பாட்டிகள் விளக்கேற்றிவிட்டு உதயசூரியனுக்கு வாக்களிக்கப் போனது இந்த ஏற்பாட்டின்படிதான்.

அந்த ஏற்பாடு முறிந்துகொண்டிருக்கிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

*

கட்சி மாறவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாறாதது கல்வெட்டு மட்டும்தான். தி.மு.க.வின் வரலாறே மாற்றங்களின் வரலாறு. நாம் பெருமையோடு நினைவுகூரும் கட்டங்கள் பலவும் அது தன் நிலையை மாற்றிக்கொண்ட கட்டங்களே. ஆனால் அவை எவ்வாறு நிகழ்ந்தன என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1949 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய கட்சி, 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் போட்டியிடவில்லை. சீர்திருத்த இயக்கம் தேர்தல் சேற்றில் இறங்கலாமா என்ற தயக்கம் பலருக்கும் இருந்தது. 1956-இல் திருச்சி மாநில மாநாட்டில் அண்ணா அக்கேள்வியை வந்திருந்தவர்களிடமே விட்டார். தேர்தலில் நிற்கலாமா, வேண்டாமா என்று வாக்குச்சீட்டு கொடுத்துக் கேட்டார்கள். பெரும்பான்மையினர் நிற்கலாம் என்றார்கள். 1957-இல் கட்சி நின்றது. கட்சி தன் இயல்பையே மாற்றிக்கொண்ட அத்தருணத்தில் கூட்டத்தைப் பார்த்து, "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்கப்பட்டது என்பதுதான் இங்கே முக்கியம்.

அடுத்தது அதைவிடப் பெரிய மாற்றம். 1962 மே மாதம் மாநிலங்களவையில் தன்னாட்சி உரிமைக்காக முழங்கிய அண்ணா, அவ்வாண்டு அக்டோபரில் சீனப் படையெடுப்பு நேர்ந்ததும் திராவிட நாட்டுக் கோரிக்கையை ஒத்திவைத்தார். 1963-இல் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. வேட்பாளர் ஒவ்வொருவரும் நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றாயிற்று. கட்சி தன் அடிப்படைக் குறிக்கோளையே விதிகளிலிருந்து நீக்கியது. பிறந்த காரணத்தையே ஒரு கட்சி விட்டுக்கொடுப்பது சிறிய செய்தியன்று. பிரிவினை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்லி 1961-இலேயே வெளியேறி, தமிழ்த் தேசியக் கட்சி கண்ட ஈ.வெ.கி. சம்பத்தின் நிழல் வேறு அண்ணாவின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஒளிந்துகொள்ளவில்லை. கோரிக்கையைக் கைவிடுகிறோம், கோரிக்கைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஒரு விளக்கத்திலிருந்துதான் மாநில சுயாட்சி என்ற அடுத்த கொள்கை முளைத்தது. 1969-இல் இராசமன்னார் குழுவும், 1971-இல் அதன் அறிக்கையும், 1974 ஏப்ரலில் சட்டமன்றத் தீர்மானமும் அந்த வழியில் வந்தவையே. காரணத்தோடு மாறியதால் அந்த மாற்றம் கருவுற்றுப் பலன் தந்தது.

அரிசிக் கதையையும் மறந்துவிடலாகாது. ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று 1967-இல் சொன்னார்கள். வெற்றிக்குப் பின் ஒரு படியைக்கூட மாநிலம் முழுவதும் தர முடியவில்லை. சென்னையிலும் கோவையிலும் மட்டுமே தொடங்கினார்கள். எதிர்க்கட்சியினர் எள்ளினர். ஆயினும் எது இலக்கு, எது உறுதி, எது இயன்றது என்ற மூன்றும் மக்களுக்குத் தெரிந்திருந்தன. ஏமாற்றம் இருந்தது, ஏமாற்றப்பட்ட உணர்வு இல்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை இன்றைய தலைவர்கள் அறியவில்லை.

*

1969 பிப்ரவரி 3-க்குப் பிறகான கதை இப்படியில்லை.

அவ்வாண்டுவரை கட்சியில் தலைவர் என்ற பதவியே கிடையாது. அந்நாற்காலி பெரியாருக்கானது என்று சொல்லி வெற்றிடமாகவே வைத்திருந்தார்கள். அண்ணா பொதுச்செயலாளராக மட்டுமே இருந்தார். 1969-இல் அந்நாற்காலி நிரப்பப்பட்டது. கலைஞர் 2018-இல் மறையும்வரை அவரே அதில் இருந்தார். அவருக்குப் பின் அவர் மகன் வந்தார். தகுதி இல்லையென்று சொல்ல மாட்டோம். உழைக்கவில்லையென்று சொன்னால் நம் நாக்கு அழுகிவிடும். ஆனால் பிறப்பால் வரும் உரிமையை எதிர்த்துப் பிறந்த இயக்கம், அரை நூற்றாண்டு கடந்து ஒரு தந்தையையும் மகனையும் மட்டுமே தலைவர்களாகக் கண்டது ஏன் என்ற வினாவுக்கு ஒருநாளேனும் கொள்கை மொழியில் விடை தந்ததுண்டா?

1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலையில் கட்சியினர் சிறையில் வதைபட்டனர். நான்கே ஆண்டுகளில், 1980 நாடாளுமன்றத் தேர்தலில், கலைத்தவரோடு கைகோத்து 'நேருவின் மகளே வருக' என்று வரவேற்றார்கள். அரசியலில் நிரந்தரப் பகைவர் இல்லை என்பதே விளக்கமாகச் சொல்லப்பட்டது. சிறை சென்றவர்களுக்கு வேண்டுமானால் அது போதுமானதாக இருந்திருக்கலாம். சிறை சென்றவர்களுக்காக இரங்கி வாக்களித்தவர்களுக்கு அது போதவில்லை.

1999-இல் பாரதிய ஜனதாவோடு கூட்டணி. நேர்மையாகச் சொல்வதானால் அன்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. அயோத்தி, 370-ஆம் பிரிவு, பொது உரிமையியல் சட்டம் ஆகிய மூன்றும் கூட்டணியின் செயல்திட்டத்தில் இல்லை. ஆகவே இது கொள்கைக் கூட்டு அன்று, ஆட்சிக் கூட்டு என்றார்கள். அரைமனத்தோடு ஏற்றோம். 2002-இல் குஜராத்தில் குருதி ஓடியபோது அந்தக் காரணம் காலாவதியாகிவிட்டது. ஆனால் அமைச்சர் பதவிகள் காலாவதியாகவில்லை. 2003 டிசம்பர்வரை நீடித்தன. வெளியேறியபோது, உள்ளே இருந்த அந்த ஒன்றே முக்கால் ஆண்டுக்குக் கணக்கு எதுவும் ஒப்படைக்கப்படவில்லை. 2004-இல் அணி மாறி நாற்பதுக்கு நாற்பதும் வென்றபின் கணக்குக் கேட்பதே அபசகுனமாகக் கருதப்பட்டது.

2009-ஐப் பற்றி எழுதக் கை கூசுகிறது. ஏப்ரல் 27 அன்று அண்ணா நினைவிடத்தருகே சில மணி நேர உண்ணாநோன்பு. போர் நின்றுவிட்டதாக அறிவிப்பு. போர் நிற்கவில்லை. முள்ளிவாய்க்காலில் மே மாதம் நடந்ததை உலகம் அறியும். கட்சி மத்திய அமைச்சரவையை விட்டு வெளியேறியது 2013 மார்ச்சில். மாநில அரசொன்றால் ஒரு போரை நிறுத்தியிருக்க முடியாது என்பதை நாம் அறிவோம். "முடியவில்லை, எங்கள் வலிமை இவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தால் தமிழுலகம் அழுதுகொண்டே அதை ஏற்றிருக்கும். அந்த ஒரு வாக்கியம்தான் வரவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். கலைஞர் விளக்கம் தராதவரா? 'முரசொலி'யில் உடன்பிறப்புகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனவே? உள்ளன. அவற்றின் உரைநடையை வகுப்பில் நாமே பாராட்டிச் சொல்லியிருக்கிறோம். ஆனால் அவை உடன்பிறப்புகளுக்கு எழுதப்பட்டவை. முன்பே உடன்பட்டவர்களுக்கு எழுதப்பட்டவை. தளர்ந்தவரைத் தேற்றும், சினந்தவரை ஆற்றும், சிதறியவரைத் திரட்டும். ஐயுற்றவரோடு வாதிடுவதில்லை. ஐயுறுதல் துரோகத்தின் முதற்படியாகவே அவற்றில் தோன்றும். அண்ணாவின் பேச்சோ எதிரே உட்கார்ந்திருப்பவன் இன்னும் உடன்படவில்லை என்ற எண்ணத்திலிருந்து தொடங்கும். கட்சி விலகிய தூரத்தை அளக்க நமக்கு வேறு அளவுகோல் தேவையில்லை.

*

அண்மைக்கால நிகழ்வுகளுக்கு வருவோம்.

பழனியில் 2024 ஆகஸ்டு 24, 25 ஆகிய நாட்களில் இந்து சமய அறநிலையத் துறை 'அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாடு' நடத்தியது. கூட்டணிக் கட்சிகளிலிருந்தே எதிர்ப்புக் குரல்கள் கிளம்பின. முருகன்மேல் நமக்கு மனக்குறை ஏதுமில்லை. ஆறுபடை வீட்டுக்கும் போய்வந்தவர்கள் நம்மில் உண்டு. கோயில்களை நன்கு நிர்வகிப்பது அரசின் கடமை. 1970 டிசம்பரில் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததும், 2006-இல் அதைத் தொடர்ந்ததும், 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதியினரையும் அர்ச்சகராக்கியதும் அந்தக் கடமையின் வழியில் வந்த சாதனைகள். அவற்றுக்காக என்றும் நன்றியுடையோம். ஆனால் கருவறைக் கதவை எல்லாருக்கும் திறப்பது வேறு, அரசே பக்தி விழா எடுப்பது வேறு. முன்னது சமூக நீதி. பின்னது, எதிரணி பக்தர்களைத் திரட்டுகிறது, நாமும் திரட்டுவோம் என்ற கணக்கு. பிள்ளையாரை உடைக்கவில்லை, நல்லது. தேங்காய் உடைப்பதென்று எப்போது முடிவாயிற்று? எந்தப் பொதுக்குழுவில்?

2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணிவரை நீட்டிக்க வழிசெய்யும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றதை வரவேற்றோம். ஆனால் தொழிலாளர் நலன் பேசி வளர்ந்த கட்சியின் மனத்தில் அப்படியொரு மசோதா எவ்வாறு தோன்றியது என்பதற்கு விளக்கம் வரவில்லை. வந்ததற்கும் காரணமில்லை, போனதற்கும் காரணமில்லை என்றால், நாளை மறுபடியும் வராது என்பதற்கு உறுதி ஏது? மறு ஆண்டே சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தைப் பதிவுசெய்யக் கோரிப் போராடினார்கள். அப்பதிவு உயர்நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. சங்கம் வைக்கும் உரிமைக்கு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்ததே என்று நம்மவர்கள் வெட்கினோம்.

மதுவிலக்கு வேறொரு வகை. அண்ணா கட்டிக்காத்ததை 1971-இல் தள்ளிவைத்தார்கள். சில்லறை விற்பனையை 2003-இல் அரசின் ஏகபோகமாக்கியது எதிர்க்கட்சி ஆட்சி. 2006-இல் வந்த நம் ஆட்சி அதை அப்படியே தொடர்ந்தது. 2016 தேர்தல் அறிக்கையில் முழு மதுவிலக்கு என்றார்கள். 2021-இல் அமைந்த ஆட்சி 2023-இல் ஐந்நூறு கடைகளை மூடியது, மற்றவை தொடர்ந்தன. முழு மதுவிலக்கு நடைமுறைக்கு ஒவ்வாது, கள்ளச்சாராயம் பெருகும், கருவூலம் தாங்காது என்பவையெல்லாம் வாதத்துக்குரிய காரணங்களே. 2016-இல் அவை தெரியாதா? இடையில் தெரியவந்தனவென்றால் அதைச் சொல்வதில் என்ன இழிவு?

சாதிக்கு வருகிறோம். மற்றவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் இதைப் பொறுக்க இயலாது. 1967-இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்த கட்சி இது. தாலியோ புரோகிதரோ இன்றி இருவர் மாலை மாற்றிக்கொண்டால் போதும் என்று இந்த மண்ணில் எழுதிவைத்த கட்சி. அவ்வாறு மணந்தவர்கள் வெட்டப்படும்போது கட்சியின் குரல் ஏன் தணிந்துபோகிறது? 2016-இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்ததை நாடே காட்சியாகப் பார்த்தது. தனிச்சட்டம் வேண்டுமென்ற குரல் அதற்கும் முன்பிருந்தே கேட்கிறது. அதற்கென ஆணையம் ஒன்று 2025 அக்டோபரில்தான் அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. ஈராண்டு கழித்து, 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் அந்த மக்களிலேயே மூவர் குற்றவாளிகளாகக் காட்டப்பட்டனர்.

இவற்றைவிட நெஞ்சை அறுப்பது மேலவளவு. ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் மேலும் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூவர் 2008-இல் விடுவிக்கப்பட்டனர். எதை முன்னிட்டு? அண்ணா நூற்றாண்டை முன்னிட்டு. எஞ்சியவர்களில் பதின்மூவரை 2019-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்டு அடுத்த கட்சியின் ஆட்சி விடுவித்தது. கட்சிகள் இரண்டு, கணக்கு ஒன்று. ஒடுக்கப்பட்டவன் தலைவனாகக் கூடாது என்று கொன்றவர்களுக்கு அண்ணாவின் பெயரால் விடுதலை! ஒரு பெயரை இதைவிடக் கீழே இறக்க முடியுமா?

*

இப்படியெல்லாம் கேட்டால் கட்சிக்காரர்கள் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை ஒன்றுண்டு. "எங்களை விட்டால் யார்? மதவாதம் வாசலில் நிற்கிறது. இந்த நேரத்தில் குறை சொல்வது எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுவதாகாதா?"

அச்சம் பொய்யன்று. நாமும் அஞ்சுகிறோம், அஞ்சித்தான் ஒவ்வொரு தேர்தலிலும் பல்லைக் கடித்துக்கொண்டு வாக்களிக்கிறோம். ஆனால் 'உங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை' என்பது ஒரு கொள்கையாகாது. கொத்தடிமையைப் பார்த்துப் பண்ணையார் சொல்லும் வாசகம் அது. சுயமரியாதை என்ற சொல்லைத் தமிழ் அரசியலுக்குத் தந்த இயக்கத்தின் வாயிலிருந்து அது வரலாமா?

மேலும் அந்த வாதம் தன்னையே தோற்கடித்துக்கொள்கிறது. மதவாதத்தை எதிர்ப்பதற்காகவே கட்சி வேண்டுமென்றால், பக்தித் திரட்டலில் அதனோடு போட்டியிடுவது எதற்காக? எதிரியின் ஆடுகளத்தில், எதிரியின் விதிகளின்படி ஆடினால் வெற்றியும் எதிரிக்கே உரியது. மாநாடு நடத்திப் பெறும் வாக்கு, அதைவிடப் பெரிய மாநாடு நடத்துபவனிடம் போகும். காரணம் சொல்லிப் பெற்ற வாக்கு மட்டுமே நிலைத்து நிற்கும்.

இந்த வேதனை ஒரு கட்சியின் வாக்காளர்களுக்கு மட்டும் உரியதன்று. அண்ணாவின் பெயரைத் தாங்கிய அடுத்த கட்சியிலும் நம்மைப் போன்ற நிதானமானவர்கள் உண்டு. எம்.ஜி.ஆரின் சத்துணவுக்காகவும், 69 விழுக்காட்டை ஜெயலலிதா சட்டமாக்கிக் காத்ததற்காகவும் வாக்களித்தவர்கள். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் அக்கட்சி உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களித்தபோது அவர்கள் தலைகுனிந்தார்கள். 2023 செப்டம்பரில் பாரதிய ஜனதாவோடு உறவு முறிந்தது என்றதும் நிமிர்ந்தார்கள். 2025 ஏப்ரலில் மறுபடியும் கூட்டணி என்றதும் மறுபடி குனிந்தார்கள். முறித்ததற்குச் சொன்ன காரணம் என்னவாயிற்று என்று அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. 1979-இல் எம்.ஜி.ஆர். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் வருமான வரம்பு விதித்தார். 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். ஆணையைத் திரும்பப் பெற்றார். 31 விழுக்காட்டை 50 ஆக உயர்த்தவும் செய்தார். ஜெயலலிதா 2002-இல் மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தார், 2003-இல் கோயில்களில் ஆடு கோழி பலியிடத் தடை விதித்தார். நாடாளுமன்றத் தேர்தலில் ஓரிடமும் கிட்டாமற்போன 2004-ஆம் ஆண்டிலேயே இரண்டையும் கைவிட்டார். தமிழ் வாக்காளர்கள் அரை நூற்றாண்டு அனுபவத்தில் தம் தலைவர்களை இரண்டு முறையேனும் பாதைக்குத் திருப்பியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் தம் நம்பிக்கைகளை மாற்றிக்கொள்ளவில்லை. வாக்கு தங்களுடையது என்பதை ஒருநாள் நினைவூட்டினார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு பிழைக்கும் அணி மாறி வாக்களிக்க வேண்டுமென்று இதற்குப் பொருளில்லை. மாறிய அணி அதைவிடக் கேடாக இருக்கலாம் என்பதே நம் இக்கட்டு. 2013 முதல் 'நோட்டா' உண்டு. அது மனச்சுமையை இறக்குமே தவிரக் கட்சியைத் திருத்தாது. தேர்தல் நாளில் மட்டும் பேசுகிறவன் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் பேசுகிறான். இடைப்பட்ட நாட்களில் நாம் வாய்மூடி இருந்ததே இந்தச் சறுக்கலுக்கு முதற்காரணம். "நம் கட்சியை நாமே குறை சொல்வதா" என்று இருந்துவிட்டோம். நம் மௌனத்தை அவர்கள் சம்மதமாகக் கணக்கெழுதிக்கொண்டார்கள்.

*

நாம் கேட்பது பெரிதொன்றும் இல்லை.

கூட்டணி மாறும்போதும் கொள்கை மாறும்போதும் பொதுக்குழுவில் உண்மையான விவாதமும் வாக்கெடுப்பும் நடக்கட்டும். தலைவருக்கு முழு அதிகாரம் அளித்துக் கைதட்டிக் கலைவதற்குப் பொதுக்குழு எதற்கு? 1956-இல் மாநாட்டுப் பந்தலில் முடிந்தது இன்று ஏன் முடியாது?

தேர்தல் அறிக்கையில் நிறைவேற்றியவற்றைப் பட்டியலிட்டுச் சுவரொட்டி ஒட்டுவதுபோல், நிறைவேற்ற இயலாதவற்றையும் காரணத்தோடு அச்சிட்டுத் தரட்டும். ஒரு படி நிச்சயம் என்று சொல்லி அதுவும் முழுதாய் இயலாதபோது அண்ணாவை மன்னித்த மக்கள் இவர்களையும் மன்னிப்பார்கள்.

சாதிக் கொடுமையில் சொந்த வாக்கு வங்கிக்கு எதிராக நிற்கும் துணிவு ஒருமுறையேனும் வெளிப்படட்டும். மற்றக் கொள்கைகளில் நிதானம் பேசலாம். இதில் நிதானம் என்பது கொன்றவன் பக்கம் சாய்ந்த தராசு.

இவற்றையெல்லாம் கேட்கிறவன் எதிரியல்லன். அரசனை இடித்துரைப்பார் இல்லாவிட்டால் கெடுக்க வேறு பகைவர் வேண்டியதில்லை, அவன் தானே கெடுவான் என்று வள்ளுவர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை அமைந்த அதிகாரத்தின் பெயர் 'பெரியாரைத் துணைக்கோடல்'. மேடைதோறும் பெரியாரைத் துணைக்கழைக்கும் கட்சியினர் அந்த அதிகாரத்தை ஒருமுறை முழுவதும் படித்துப் பார்க்கலாம். துணையாகக் கொள்ளத்தக்க பெரியவர்கள் புகழ்கிறவர்கள் அல்லர், இடிக்கிறவர்கள் என்பது அங்கே தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

அந்த மாணவிக்கு அடுத்த வாரம் விடை சொன்னோம். "பாடத்தில் உள்ளதையே எழுது. ஆனால் எழுதிவிட்டு விட்டுவிடாதே. வாக்குக் கேட்டு உன் தெருவுக்கு வருகிறவர்களிடம் இதே வினாவை, இதே சொற்களில் கேள்." அவள் தலையசைத்துவிட்டு, "நீங்கள் கேட்டீர்களா ஐயா?" என்றாள்.

கேட்கவில்லை. இப்போது கேட்கிறோம்.